காப்பகத்துக்குப் போன குடும்பம் எப்போது திரும்பும்?

கேள்வி கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்துக்காரர். அவர் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம், விசைப்படகில் கூலிக்குப் போகும் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், வாடகை பாக்கி ஏறிப்போய், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டது. இப்போது அங்கே வீடற்றோர் காப்பகம் ஒன்றில் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லி, பாத்திர மூட்டையையும் தையல் மெஷினையும் இவர் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் இணையத்தில் தேடிப் பார்த்ததில், காப்பகத்தில் குடும்பங்கள் முப்பது நாள் தங்குகின்றன என்று ஒரு இடத்தில் இருக்கிறது, ஐந்நூறு நாளுக்கு மேல் என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. எது சரி என்று கேட்கிறார்.

கேட்டிருப்பது சராசரி. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு குடும்பம் எப்போது வரும், வராவிட்டால் நாம் என்ன செய்யலாம் என்பது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் அது இரண்டாவதற்கு அவ்வளவாக உதவாது. நான் பல வருடம் மதுரையில் காப்பகம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவன். பதிவேடு எழுதுவது, மாத அறிக்கை அனுப்புவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. இப்போது உச்சிப்புளிக்கே திரும்பி வந்து, புயல் காலத்தில் மட்டும் தன்னார்வலராக ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே கீழே சொல்வதில் ஒரு பகுதி படித்தது, ஒரு பகுதி பார்த்தது. பார்த்ததைச் சொல்லும்போது அப்படியே குறிப்பிடுகிறேன். அதை மாநிலத்துக்கே பொருத்திவிட வேண்டாம்.

முதலில் அந்த முப்பதும் ஐந்நூறும். இரண்டும் சரியாகவே இருக்கலாம், ஒரே கட்டடத்தைப் பற்றிக்கூட. பத்து அறை உள்ள ஒரு குடும்பக் காப்பகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்பது அறைகளில் ஒன்பது குடும்பங்கள் வருடம் முழுக்க இருக்கின்றன. பத்தாவது அறையில் மட்டும் மாதத்துக்கு ஒரு குடும்பம் வந்து போகிறது. இன்றைக்கு ராத்திரி நீங்கள் டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போய்க் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் நாங்கள் வருடம் முழுக்க இங்கேதான் இருக்கிறோம் என்பார்கள். அதே காப்பகத்தின் வருடப் பதிவேட்டை எடுத்து எண்ணினால், மொத்தம் 21 குடும்பம் தங்கியிருக்கும், அதில் 12 குடும்பம் ஒரே மாதத்தில் போயிருக்கும். அதாவது பாதிக்கு மேல் முப்பது நாள்காரர்கள். கூட்டி வகுத்து சராசரி போட்டால் 174 நாள் வரும், கிட்டத்தட்ட ஆறு மாதம். ஆனால் ஆறு மாதம் தங்கிய குடும்பம் என்று ஒன்றுகூட அங்கே கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. அறிக்கை கேட்கிறவர்கள் பெரும்பாலும் 'இந்த ஆண்டு வெளியேறிய குடும்பங்கள் சராசரியாக எத்தனை நாள் தங்கின' என்றுதான் கேட்பார்கள். வெளியேறியவை அந்த 12 மட்டும்தான். பதில், முப்பது நாள். ஒன்பது குடும்பம் உள்ளேயே கிடப்பது அந்தக் காகிதத்தில் வரவே வராது, ஏனென்றால் அவர்கள் இன்னும் போகவில்லை. இப்போது வேடிக்கை என்னவென்றால், காப்பகக்காரர் பாடுபட்டு அந்த ஒன்பதில் மூன்று குடும்பத்துக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்து அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறியவர்களின் சராசரி முப்பது நாளிலிருந்து 97 நாளுக்குத் தாவிவிடும். நல்லது செய்த வருடத்தில் எண் மோசமாகிவிடும், அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் வரும். அதனால் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், யாரை எண்ணினீர்கள், இன்றிரவு இருப்பவர்களையா, வந்தவர்களையா, போனவர்களையா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெறும் கூட்டல் வகுத்தல்தான்.

ஐந்நூறு என்று நீங்கள் பார்த்தது அநேகமாக நியூயார்க் கணக்காக இருக்கும். அந்த நகரத்தில் வீடில்லை என்று வந்து நிற்பவருக்கு இடம் கொடுக்க வேண்டியது நகர நிர்வாகத்தின் சட்டக் கடமை. 1979-ல் தொடுத்த ஒரு வழக்கு 1981-ல் சமரச ஆணையாக முடிந்ததிலிருந்து அது தொடங்கியது. முதலில் தனி ஆண்களுக்கு, பிறகு மற்ற வழக்குகள் வழியாகக் குடும்பங்களுக்கும். குழந்தைகளோடு இருக்கும் குடும்பங்கள் அங்கே சராசரியாக 400 நாளுக்கு மேல் தங்குவதாக நகர நிர்வாகமே பல ஆண்டு அறிக்கை கொடுத்திருக்கிறது, 2022 நிதியாண்டில் அது 500-க்கும் மேல் இருந்தது. இதைப் பார்த்து அங்கே உள்ளவர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே போ என்று துரத்த முடியாத இடத்தில் தங்கும் காலம் நீளத்தான் செய்யும், அது உரிமையின் விளைவு. வெளியே வாடகை எட்டாத உயரத்தில் இருக்கிறது, அது வீட்டுச் சந்தையின் விளைவு.

எதிர்ப்பக்கம், தங்கும் காலம் குறைவாகத் தெரியும் சில இடங்களில் சட்டம் போட்டே குறைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வீடிழந்த குடும்பத்தை உள்ளாட்சி நிர்வாகம் காலை உணவோடு கூடிய விடுதி அறைகளில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2003-ல் ஆணை வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1983 முதல் குடும்பங்களுக்கு இட உரிமை கொடுத்துவந்து, 2024-ல் ஒன்பது மாதம் என்று எல்லை வைத்து, அடுத்த ஆண்டே அதை ஆறு மாதமாக்கியது. நியூயார்க்கும் 2023 கடைசியில், புதிதாக நாட்டுக்குள் வந்த குடும்பங்களுக்கு 60 நாள் என்று கெடு வைத்தது. 60 நாள் முடிந்தால் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் தங்கும் நாளை எண்ணினால் விதி எத்தனை நாள் என்பதுதான் தெரியவரும், குடும்பம் நிமிர்ந்ததா இல்லையா என்பது தெரியாது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. டென்னிஸ் கல்ஹேன் என்ற பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் உடன் பணியாற்றியவர்களும் நியூயார்க், பிலடெல்பியா, கொலம்பஸ் நகரங்களின் பதிவேடுகளையும் மாசசூசெட்ஸ் மாநிலப் பதிவேட்டையும் வைத்துச் செய்தது. காப்பகத்துக்கு வரும் குடும்பங்களில் பெரும்பகுதி கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போய்விடுகிறது, திரும்புவதில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீண்ட காலம் தங்குகிறது. இன்னும் சிறிய ஒரு பங்கு போவதும் வருவதுமாக இருக்கிறது. முக்கியமான கண்டுபிடிப்பு அதற்கு அடுத்தது. நீண்ட காலம் தங்கும் குடும்பங்களிடம் குடிப்பழக்கம், மனநோய் போன்ற சிக்கல்கள் மற்றவர்களைவிட அதிகம் இல்லை. அப்படிப்பட்ட சிக்கல்கள் போய்ப் போய் வந்த அந்தச் சிறு கூட்டத்திடம்தான் அதிகம். அப்படியானால் நீண்ட காலம் தங்குவதற்குக் காரணம் குடும்பத்தின் குணம் அல்ல, அந்த ஊர் வெளியேற வைத்திருக்கும் வழி. பிறகு 2010 முதல் 2012 வரை பன்னிரண்டு ஊர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்து அமெரிக்க அரசு நடத்திய சோதனையும் அதையே சொன்னது. வழக்கமான உதவி மட்டும் கிடைத்தவர்களைவிட, நீண்டகால வாடகை உதவி கிடைத்த குடும்பங்கள் மறுபடி வீடிழப்பது பாதிக்கு மேல் குறைந்தது. இதெல்லாம் அமெரிக்கா. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் குணமா வழியா என்ற அந்தக் கேள்வி இங்கேயும் பொருந்துகிறது.

அதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரிலேயே இருக்கிறது. மண்டபம் முகாம் என்பது முதலில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் போகிறவர்களை நிறுத்தி வைத்த இடம். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதன்படி தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய மலையகக் குடும்பங்கள் இதே மண்டபத்துக்குத்தான் வந்தன. அவர்களுக்கு இது இடைத்தங்கல். கையில் இந்தியக் குடியுரிமைக்கான காகிதம், போய்ச் சேர வேண்டிய இடம், நீலகிரியில் அவர்களுக்கென்றே 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டம் போன்ற வேலை, இவை ஏதோ ஒரு வகையில் தயாராக இருந்தன. பதிந்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். போன இடத்தில் பட்ட பாடு தனிக் கதை. 1983-க்குப் பிறகு அதே கடலைத் தாண்டி, அதே வாசலுக்கு, போரிலிருந்து தப்பிய குடும்பங்கள் வந்தன. 1983 முதல் 1987 வரை மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். கட்டடமும் கடலும் மாறவில்லை, வந்தவர்களும் தமிழர்கள்தான். ஆனால் இவர்களுக்கு வெளியே போகும் காகிதம் இல்லை. குடியுரிமை இல்லாததால் சொந்தமாக நிலம் வாங்குவதும் அரசு வேலைக்குப் போவதும் நடக்காது. பேரப்பிள்ளை எடுத்தும் முகாமிலேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் பழைய முகாம் வீடுகளில் 7,469-ஐப் புதிதாகக் கட்டிக் கொடுப்பதாக மாநில அரசு அறிவித்தது, உதவித்தொகையையும் கூட்டியது. வாழ்வது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது, ஆனால் வெளியே போகும் காகிதம் அதே நிலையில்தான். 2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற நேரத்தில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களையும் அங்கேதான் சேர்த்தார்கள்.

புயல் பாதுகாப்பு மையம் இதற்கு நேர் எதிர். நம் கடற்கரையில் பாம்பனில் கூண்டு ஏற்றினால் தாழ்வான குடியிருப்புகளில் இருப்பவர்களை அங்கே கொண்டுபோவோம். 2020 டிசம்பரில் புரெவி வந்தபோதும், 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செண்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதும் நடந்தது அதுதான். ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு மூன்று. ஆண்கள் பெரும்பாலும் வரவே மாட்டார்கள், வத்தை என்கிற சிறு படகையும் வலையையும் விட்டு நகர மாட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்து, கொடுத்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, விடியும் முன்னேயே 'எப்போ சார் விடுவீங்க' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். காரணம் எளிது, திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு குடிசையாவது இருக்கிறது. அந்தக் குடிசையும் போய்விட்டால் கதை மாறும். 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்டது. அப்படியும் மீனவக் குடும்பங்கள் திரும்பப் போய், பட்டா இல்லாமல், இன்று வரை ஓலையும் தகரமுமாக அங்கே இருக்கின்றன.

சரி, மதுரை மாதிரி நகரக் காப்பகத்துக்கு வருவோம். வீடற்றோருக்கு நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இருபத்துநான்கு மணி நேரக் காப்பகம் வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் சொன்னது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அந்தக் கணக்கை வைத்தே காப்பகத் திட்டம் போட்டது. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, கழிப்பறை, சமையலறை, தங்குபவர்களுக்கு அடையாள அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று வழிகாட்டுதலில் எல்லாம் இருக்கிறது. இந்த லட்சக் கணக்கில் நம் மாவட்டத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை எதுவும் லட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. பரமக்குடிதான் நெருங்கியது, அதுவும் தொடவில்லை. ஆகவே கடற்கரையில் வீடிழக்கும் குடும்பம் பஸ் ஏறி மதுரைக்கோ சென்னைக்கோ போவது இயல்பு. போய்ச் சேர்ந்த அன்றே அது தன் ஊர், தன் கடன்காரர், தன் உறவு எல்லாவற்றிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுகிறது.

இந்தக் காப்பகங்களில் குடும்பங்கள் சராசரியாக எத்தனை நாள் தங்குகின்றன என்று கேட்டால், நான் எழுதிய பதிவேடுகளையே நம்பி ஒரு எண் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைச் சொல்கிறேன். பதிவேட்டில் பெயர், வயது, சொந்த ஊர், ஆதார் எண், வந்த தேதி, சென்ற தேதி, காரணம், கைநாட்டு என்று கட்டங்கள் இருக்கும். வந்த தேதி சரியாக இருக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் பாய், போர்வை கொடுக்கிறோம். சென்ற தேதி அப்படி இல்லை. சொல்லிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. காலையில் பிள்ளைகளையும் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு போவார்கள், ராத்திரி வர மாட்டார்கள். உறவினர் வீட்டுக்குப் போயிருக்கலாம், நாளைக்கு வரலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டுவைப்போம். மாதக் கடைசியில் அறிக்கை அனுப்பும்போது காலிக் கட்டத்தை எல்லாம் நிரப்பியாக வேண்டும், அப்போது 30 அல்லது 31 என்று விழும். பழைய பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு கூட்டமே கிளம்பிப்போனது போலத் தெரியும். காரணம் என்ற கட்டத்தில் வரிசையாக 'சொந்த விருப்பம்' என்று இருக்கும். வீடு கிடைத்துப் போனவரும், கணவர் வந்து இழுத்துக்கொண்டு போனவரும், மறுபடி பஸ் நிலையத் திண்ணைக்கே போனவரும் எல்லாம் சொந்த விருப்பம்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை, குடும்பம் என்ற அலகே பதிவேட்டில் காணாமல் போவது. எல்லாக் காப்பகமும் குடும்பத்தை ஒன்றாக வைத்துக்கொள்வதில்லை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு ஒன்று என்று பிரித்துத்தான் பெரும்பாலும் நடத்துகிறார்கள். அம்மாவும் பெண் பிள்ளைகளும் ஒரு கட்டடத்தில், அப்பா இன்னொன்றில். மீசை அரும்புகிற பையன் எங்கே என்பதுதான் சிக்கலே. பெண்கள் பக்கத்தில் வைக்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், ஆண்கள் பக்கம் அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது. ஒரு குடும்பம் மூன்று பதிவேட்டில் மூன்று தனி ஆட்களாக ஏறிவிடும். நான் பார்த்தவரை, பல குடும்பங்கள் சீக்கிரம் கிளம்பியது வீடு கிடைத்ததால் அல்ல, இந்தப் பிரிவு தாங்காமல்தான். கூரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றாக இருந்தால் போதும் என்று போய்விடுவார்கள். காகிதத்தில் அது குறுகிய காலத் தங்கல், நல்ல எண்.

நீண்டு தங்கியவர்களை எது பிடித்து வைத்தது என்று கேட்டால், முதல் பதில் அட்வான்ஸ். மாத வாடகையை எப்படியாவது புரட்டிவிடுவார்கள். கூலி வேலை கிடைத்துவிட்டால் அது பெரிய பிரச்சினை இல்லை. மொத்தமாகக் கேட்கும் அட்வான்ஸ் தொகைதான் சுவர். காப்பகத்தில் பணம் சேர்ப்பதும் லேசில்லை. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு இருந்தாலும் பக்கத்தில் முப்பது பேர், வங்கிக் கணக்கில் போட்டால் பழைய கடனுக்குப் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம். அதற்கு அடுத்து வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள். கணவர் கூட இல்லாத பெண் என்றால் 'வீட்டுக்காரர் இருக்காராம்மா' என்ற முதல் கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும். எங்களிடம் இருந்த ஒரு அம்மா, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை பார்த்தவர், இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தவர், மூன்று தெருக்களில் வீடு பார்த்துவிட்டு, நான்காவது இடத்துக்குத் தன் அண்ணனை வரவழைத்துக் கூட நிறுத்திவைத்துத்தான் சாவி வாங்கினார். அவர் எங்களோடு இருந்தது ஒரு பள்ளி ஆண்டுக்கு மேல். வேலைக்குப் போகாமல் இருந்த நாள் மிகக் குறைவு.

இப்போது உங்கள் தெருக் குடும்பம். சராசரியை மறந்துவிடுங்கள். மூன்று விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் எந்த எண்ணையும்விட நன்றாக ஊகிக்கலாம். ஊகம்தான், நான் பார்த்ததை வைத்துச் சொல்வது.

முதலாவது, அவர் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். ஜூன் 15 முதல் படகு இறங்க ஆள் வேண்டும், அந்த நேரத்தில் முதலாளியே போன் போட்டுக் கூப்பிடுவார். முன்பணம் குறைவு என்றால் அவர் மட்டுமாவது ஜூன் நடுவில் வந்து நிற்பார். கடன் கழுத்து வரை இருந்தால் அந்தப் போனை எடுக்கவே மாட்டார். கடலில் வேறு பயமும் இருக்கலாம். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன அனுபவம் உள்ள வீடுகளில், மனைவிதான் மறுபடி அனுப்ப மாட்டேன் என்று நிற்பார். அப்படியென்றால் மதுரை அவர்களுக்கு இடைத்தங்கல் இல்லை, இடமாற்றம்.

இரண்டாவது, பிள்ளைகளின் பள்ளி. ஜூனில் மதுரையில் சேர்த்துவிட்டால் அந்த வருடம் திரும்புவது அபூர்வம். சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, படிப்பு விடுபடக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தங்கச்சிமடத்துப் பள்ளியில் காகிதம் வாங்க அலைந்து சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மூன்றாவது, அங்கே அவர்கள் ஐந்து பேரும் ஒன்றாக இருக்கிறார்களா, பிரிந்து இருக்கிறார்களா. பிரிந்து இருந்தால் அவர்கள் சொன்ன ஒரு மாதம் நிஜமாகவே ஒரு மாதமாக இருக்கலாம், ஆனால் வருவது உங்கள் தெருவுக்கா, வேறு ஏதாவது ஊர் செங்கல் சூளைக்கா என்பது வேறு.

நீங்கள் செய்யக்கூடியது என்று பார்த்தால், முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். பாக்கியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அல்ல, தவணையாக வாங்கிக்கொள்ளவும், மறுபடி வந்தால் புது அட்வான்ஸ் கேட்காமல் இருக்கவும். நான்கு பேர் சேர்ந்து அட்வான்ஸ் தொகையைப் புரட்டினால், அதை அவர்கள் கையில் கொடுக்காமல் வீட்டுக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. கையில் கொடுத்தால் கடன்காரர் முந்திக்கொள்வார், அது அவர்கள் தப்பு அல்ல. தையல் மெஷினை மதுரைக்கு அனுப்பலாமா என்று காப்பகப் பொறுப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். பொதுக்கூடத்தில் ஒரு மூலை கொடுக்கிற காப்பகங்கள் உண்டு, மாட்டேன் என்கிறவையும் உண்டு.

அந்த அம்மாவுக்கு வீட்டில் அடி உதை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பாதை வேறு. 181 பெண்கள் உதவி எண், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே தங்கல் அதிகபட்சம் ஐந்து நாள்தான், ஆனால் போலீஸ், வக்கீல், மருத்துவம், அடுத்து தங்கும் இல்லம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து வழி காட்டுவார்கள். பிள்ளைகள் வேலைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் 1098. சட்ட விஷயத்தில் இதற்கு மேல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.

கடைசியாக ரேஷன் கார்டு. மதுரை முகவரிக்கு மாற்றிவிடுங்கள் என்று காப்பகத்தில் யாராவது நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2020 அக்டோபரிலிருந்து விரல் ரேகை வைத்துத் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம், அதற்காக முகவரி மாற்றத் தேவையில்லை. மாற்றினால் போவது வேறு. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது, அது கடலோர ஊரில் பதிவுள்ள மீனவக் குடும்பங்களுக்குத்தான். இந்த வருடத்துப் பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால், கணக்கெடுக்க வந்த அன்று வீடு பூட்டியிருந்ததால் பெயர் விட்டுப்போயிருக்கலாம். கார்டு நகல், ஆதார், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை மூன்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு நீங்களே ராமேஸ்வரம் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். அந்த எட்டாயிரம் வந்தால் பாக்கி வாடகையில் ஒரு பகுதி அடையும், வீட்டுக்காரரிடம் பேச உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.